சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சண்டை: பெல்லா அப்சக்கும் 24-ஆவது அத்தியாயமும்

1992 ஜூன் மாதம் ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி உச்சி மாநாடு, அஜெண்டா 21 என்ற தடித்த ஆவணம் ஒன்றை உலகின் கையில் கொடுத்தது. அதில் 40 அத்தியாயங்கள். 24-ஆவது அத்தியாயத்தின் மூன்றாம் பத்தியில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. பெண்களும் சிறுமிகளும் வீட்டிலும் வெளியிலும் சுமக்கும் வேலைப்பளுவைக் குறைக்க அரசுகள் முனைய வேண்டும், கட்டுப்படியாகும் கட்டணத்தில் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும், வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. காடழிப்பு, பாலைவனமாதல், நச்சுக் கழிவு, கடல் மாசு என்று போகும் ஆவணத்துக்குள் பாத்திரம் கழுவும் விவகாரம் எப்படி நுழைந்தது?

யாரோ நுழைத்தார்கள். ஐ.நா. ஆவணங்களில் எதுவும் தானாக முளைப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் தூக்கம் கெட்ட ஒருவர் இருப்பார். இந்த அத்தியாயத்துக்குப் பின்னால் பல நாட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து, பென்சிலும் வரைவும் கொடுத்து, வரி வரியாகத் திருத்தப் பழக்கியவர்களில் முதன்மையானவர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த யூதப் பெண் ஒருவர். அப்போது அவருக்கு வயது 71. பெயர் பெல்லா அப்சக்.

அமெரிக்காவில் அவரைப் பெண்ணியத் தலைவியாக, வியட்நாம் போரை எதிர்த்தவராக, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த உரத்த குரலாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரது கடைசிப் பத்தாண்டு பெரும்பாலும் சுற்றுச்சூழலுக்கே போனது என்பது அந்த நினைவில் மங்கிவிட்டது. இந்த ஆய்வு அந்தப் பத்தாண்டைப் பற்றியது; குறிப்பாக 1991 நவம்பர் முதல் 1992 ஜூன் வரையிலான எட்டு மாதங்களைப் பற்றியது.

ஆள் யார்

1920 ஜூலை 24 அன்று பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தார். பெல்லாவுக்கு 13 வயது இருக்கும்போது தந்தை இறந்தார். இறந்த பெற்றோருக்காகச் சொல்லும் கதீஷ் என்ற பிரார்த்தனை, மரபுவழி யூதர்களிடையே மகனுக்கு உரியது. அந்த வீட்டில் மகன் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும்தான். பெல்லா ஏறத்தாழ ஓராண்டு காலம் ஒவ்வொரு நாள் காலையும் பள்ளிக்குப் போகுமுன் தொழுகைக் கூடத்துக்குச் சென்று கதீஷ் சொன்னார். ஆண்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் யாரும் தடுக்கவில்லை. இதை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

யூதப் பெண்களின் பொதுவாழ்வைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் ஆசை வரும். தோரா, தல்மூத் என்ற மறைநூல்கள், உரைக்கு மேல் உரை, சொல்லுக்குச் சொல் வாதிடும் மரபு, அதிலிருந்துதான் ஐ.நா. வரைவைக் கிழித்துக் கோக்கும் திறமை வந்தது என்று முடிச்சுப் போட்டுவிட. நான் அந்த முடிச்சை நம்பவில்லை. அப்சக்கின் வாசிப்பு முறை கொலம்பியா சட்டக் கல்லூரியிலும் தொழிற்சங்க வழக்குகளிலும் பழகியது. மிசிசிப்பியில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கறுப்பினத்தவரான வில்லி மெக்கீக்காக அவர் வாதாடித் தோற்றார். 1951-இல் மெக்கீயின் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு சட்டப்பிரிவின் வாசகம் ஓர் உயிரைக் காக்குமா காக்காதா என்பதை அந்த வழக்குகளில் அவர் கற்றார். யூதப் பின்னணி அவருக்குக் கொடுத்தது வேறொன்று என்று நினைக்கிறேன். தனக்கு இடமில்லாத அறையில், அனுமதி கேட்காமல், தினமும் போய் ஓரமாக நின்று, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வருவது. பதின்மூன்று வயதில் செய்ததைத்தான் 71 வயதில் ஐ.நா. தாழ்வாரத்திலும் செய்தார்.

தொப்பிக் கதையும் அப்படித்தான். இளம் வழக்கறிஞராக அலுவலகங்களுக்குப் போனபோது, எதிரில் இருந்தவர்கள் அவரைத் தட்டச்சு செய்ய வந்த பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தொப்பி அணிவதுண்டு என்பதால் அணியத் தொடங்கினார். பிறகு அது அடையாளமாகிவிட்டது.

பாலில் இருந்த நஞ்சு

சுற்றுச்சூழல் அவருக்கு 1991-இல் திடீரென்று தோன்றிய ஞானம் இல்லை. 1961 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் 60 நகரங்களில் சுமார் 50,000 பெண்கள் அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம் என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். அதில் தொடக்கத்திலேயே சேர்ந்த அப்சக், அரசியல் உத்தியையும் நாடாளுமன்றத் தொடர்புகளையும் கவனித்துக்கொண்டார். இயக்கத்தில் யூதப் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். பிற்காலத்தில் அமைதி இயக்கத்தில் பெயர் பெற்ற கோரா வைஸ் அவர்களில் ஒருவர்.

அவர்களது வாதம் ஏவுகணை எண்ணிக்கையைப் பற்றியது அல்ல, பாலைப் பற்றியது. வளிமண்டலத்தில் குண்டு வெடித்தால் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் தூசியோடு எங்கும் இறங்குகிறது. வேதியியல் குணத்தில் அது கால்சியத்தை ஒத்தது. புல்லில் படிந்ததைப் பசு தின்கிறது. பசுவிடமிருந்து பால், பாலிலிருந்து குழந்தை, குழந்தையின் உடலோ அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பிலும் பல்லிலும் வைத்துக் கட்டிவிடுகிறது. அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் பால்பற்களைச் சேகரித்து ஆராய்ந்து இதை அளந்துகொண்டிருந்தார்கள். விழுந்த பல்லைத் தாய்மார்கள் தபாலில் அனுப்பினார்கள்.

1963 ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. தாய்மார்களால் மட்டும் அது வந்தது என்று சொல்ல முடியாது. கியூபா ஏவுகணை நெருக்கடி இரு வல்லரசுகளையும் அச்சுறுத்தியிருந்தது. ஆனால் சமையலறைக்குள் வரும் நஞ்சை அரசியலாக்க முடியும் என்பதை அப்சக் அங்கே கண்டுகொண்டார். நியூயார்க் யூதப் பெண்களுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. 1902-இல் யூதச் சமய விதிப்படி அறுத்த கோஷர் இறைச்சியின் விலை பவுண்டுக்கு 12 சென்டிலிருந்து 18 சென்டாக ஏறியபோது, லோயர் ஈஸ்ட் சைடு இல்லத்தரசிகள் கடைகளைப் புறக்கணித்து, தெருவில் இறங்கி விலையைக் கீழே இழுத்தார்கள். இறைச்சிக் கடைக்காரரின் மகளுக்கு அந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது.

1971 முதல் 1977 தொடக்கம் வரை அப்சக் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அந்தக் காலத்தை நான் விரைவாகக் கடக்கிறேன், ஒன்றைத் தவிர. அரசுத் தகவல்களுக்கான துணைக்குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அரசு ஆணையங்களின் கூட்டங்கள் திறந்த கதவோடு நடக்க வேண்டும் என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. வரைவு யார் கையில் இருக்கிறது, எப்போது கைமாறுகிறது, எந்த அறையில் எழுதப்படுகிறது என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது என்ற பாடம் அங்கே முழுமையானது. பிறகு செனட் வேட்பாளர் தேர்வில் தோல்வி, நியூயார்க் மேயர் வேட்பாளர் தேர்வில் தோல்வி. 1979 ஜனவரியில் அதிபர் கார்ட்டர், அவரைப் பெண்களுக்கான தேசிய ஆலோசனைக் குழுவிலிருந்து நீக்கினார். உள்ளூர் அரசியலில் கதவுகள் அடைபட்டபின் அவர் பார்வை ஐ.நா. பக்கம் திரும்பியது.

அடைப்புக்குறி என்ற ஆயுதம்

ஐ.நா. மாநாடுகளின் உள்வேலை தெரியாவிட்டால் இனி நடந்தது புரியாது. உச்சி மாநாடு என்பது கடைசிக் காட்சி மட்டுமே. தலைவர்கள் வந்து பேசிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன்பு, ஆயத்தக் குழு பலமுறை கூடி ஆவணத்தின் வாசகத்தை எழுதி முடித்துவிடும். ரியோவுக்கு முன்னால் நான்கு ஆயத்தக் கூட்டங்கள் நடந்தன: 1990-இல் நைரோபி, 1991-இல் இரண்டு முறை ஜெனீவா, 1992 மார்ச்சில் நியூயார்க். வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு சொல் பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அடைப்புக்குறி நீங்கினால் சொல் வாழும். பேரம் முறிந்தால் அடைப்புக்குறியோடு சொல்லும் போகும். கடைசிக் கூட்டத்துக்குள் வரைவில் இடம்பெறாத எதையும் ரியோவில் போய்ச் சேர்ப்பது ஏறத்தாழ இயலாத காரியம்.

பெண்கள் அந்த வரைவில் இல்லை. அது அப்படியொன்றும் வியப்பும் இல்லை. ஐ.நா.வின் முதல் பெரிய சுற்றுச்சூழல் மாநாடு 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. அதன் பிரகடனம் மனிதன் என்று ஆண்பாலில் தொடங்கி ஆண்பாலிலேயே போகிறது. இருபது ஆண்டுகள் கழிந்தும் ஆயத்தக் கூட்டங்களின் தொடக்க வரைவுகளில், தண்ணீர் சுமப்பவரும் விறகு பொறுக்குபவரும் விதை காப்பவரும் கண்ணில் படவில்லை.

அப்சக்கும் அவரது மாணவப் பருவத் தோழி மிம் கெல்பரும் இந்த ஓட்டையைக் கண்டார்கள். கெல்பரும் நியூயார்க் யூதர்தான். பத்திரிகையாளர், அப்சக்கின் உரைகளுக்குப் பின்னால் இருந்த பேனா. குரல் ஒருவர், எழுத்து ஒருவர் என்று அரை நூற்றாண்டு நீடித்த கூட்டு அது. கெல்பருக்குத் தனிப் புகழ் கிடைக்காமல் போனது இந்தக் கதையின் சின்ன அநியாயம். இருவரும் சேர்ந்து பல நாட்டுப் பெண்களைக் கொண்ட குழு ஒன்றைக் கூட்டினார்கள். அதுவே பெண்கள் சுற்றுச்சூழல் வளர்ச்சி அமைப்பு ஆனது. சுருக்கமாக வெடோ. கென்யாவில் மரம் நடும் இயக்கம் நடத்திய வங்காரி மாத்தாய், இந்தியாவின் வந்தனா சிவா, பிரேசிலின் தாயிஸ் கொரால், கயானாவின் ஜோஸ்லின் டோ ஆகியோர் அந்த வட்டத்துக்குள் வந்தார்கள். நியூயார்க் தலைமை, தெற்கு நாடுகளின் உள்ளடக்கம் என்ற இந்த ஏற்பாட்டில் உரசல்கள் இல்லாமல் இருக்குமா? பணமும் தொலைபேசியும் மன்ஹாட்டனில் இருந்தன. அனுபவம் நைரோபியிலும் டேராடூனிலும் இருந்தது. அப்சக் எவரையும் பேசவிடாமல் பேசக்கூடியவர் என்பதை அவரது நண்பர்களே மறைத்ததில்லை.

1991 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜெனீவாவில் நடந்த மூன்றாவது ஆயத்தக் கூட்டத்தில் அந்தச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது. பெண்களின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் பங்களிப்பைத் தனிப் பொருளாகவும், எல்லாப் பகுதிகளிலும் ஊடாடும் பொருளாகவும் கையாள வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. கதவு திறந்துவிட்டது. உள்ளே கொண்டுபோக ஒரு வாசகம் வேண்டும். அதற்காகத்தான் மயாமி.

மயாமி, 1991 நவம்பர்

நவம்பர் 8 முதல் 12 வரை மயாமியில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு 83 நாடுகளிலிருந்து சுமார் 1,500 பெண்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய நாட்களில் அதே ஊரில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆதரவோடு இன்னொரு கூட்டம் நடந்து முடிந்திருந்தது. அங்கே பெண்கள் முன்னின்று நடத்திய 218 வெற்றிக் கதைகள் எடுத்துச் சொல்லப்பட்டன: மரம் நட்டவர்கள், கழிவைக் கையாண்டவர்கள், தண்ணீரைக் காத்தவர்கள்.

அப்சக்கின் மாநாட்டின் வடிவம் வேறு. அதை அவர் நீதிமன்றமாக அமைத்தார். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஐந்து பெண் நீதிபதிகள் மேடையில். சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சியம் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து சுஜாதா மனோகர் அமர்ந்திருந்தார். அப்போது பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி. மூன்று ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவிருந்தவர். மற்றவர்கள் ஆஸ்திரேலியா, கயானா, கென்யா, சுவீடன் நாட்டவர்கள்.

இது வெறும் நாடகம் என்று கேலி பேசலாம். அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற எந்தப் போலீசும் இல்லை. ஆனால் வழக்கறிஞரின் கணக்கு அதில் இருக்கிறது. கருத்தரங்கில் பேசினால் அது கருத்து. நீதிபதி முன் பேசினால் அது சாட்சியம், பதிவாகிறது. கடன் சுமை, அணுக்கழிவு, பூச்சிமருந்து, காடு என்று தனித்தனியாகக் கிடந்த குறைகள் ஒரே வழக்கின் ஆவணங்களாக மாறின. வெற்றிக் கதைகளை மட்டும் தொகுத்திருந்தால் அரசுகள் கைதட்டிவிட்டுப் போயிருக்கும். இங்கே யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது.

மாநாட்டின் விளைவு, பெண்களின் செயல்திட்டம் 21 என்ற ஆவணம். அது அரசுகளின் அஜெண்டா 21-ஐவிடக் கடுமையானது. இராணுவச் செலவையும் இராணுவம் செய்யும் மாசையும் அது நேராகத் தொட்டது, அணுமின்சாரத்தை எதிர்த்தது, வெளிநாட்டுக் கடனையும் நியாயமற்ற வணிகத்தையும் சுற்றுச்சூழல் சீரழிவோடு இணைத்தது, நில உரிமையும் கடன் வசதியும் கேட்டது. மிகவும் சூடான இடம் மக்கள்தொகை. பூமி கெடுவதற்குக் காரணம் ஏழை நாட்டுப் பெண்கள் அதிகம் பிள்ளை பெறுவதுதான் என்ற பேச்சு அன்று வடக்கில் மிகச் சாதாரணம். சுற்றுச்சூழல் அமைப்புகள் சிலவற்றிலும் அது ஓடியது. மயாமி ஆவணம் அந்தப் பழியை வெளிப்படையாக மறுத்தது. அதே நேரத்தில் கருத்தடை வசதியும் பாதுகாப்பான மகப்பேறும் பெண்ணின் உரிமை என்றது. அதாவது, வற்புறுத்திக் கட்டுப்படுத்தும் அரசுக்கும் இல்லை, கருத்தடையே வேண்டாமென்று தடுக்கும் மதபீடத்துக்கும் இடமில்லை. இந்த நடுவழியை 1,500 பேர் ஒப்பவைப்பது எத்தனை கடினம் என்பதை, நான்கு பேர் கொண்ட குழுவில் தீர்மானம் எழுதிப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

நியூயார்க், 1992 மார்ச்

கடைசி ஆயத்தக் கூட்டம் மார்ச் 2 அன்று நியூயார்க்கில் தொடங்கியது. ஐந்து வாரங்கள். மறுநாள், மார்ச் 3 அன்று, நைரோபியின் உகுரு பூங்காவில் அரசியல் கைதிகளின் விடுதலைக்காக அவர்களது அன்னையர் நடத்திய உண்ணாவிரதத்தைப் போலீசார் தடியடியால் கலைத்தார்கள். அன்னையருடன் உட்கார்ந்திருந்த வங்காரி மாத்தாய் அடிபட்டு நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஒரு கண்டத்தில் மரம் நட்டவருக்கு மண்டையில் அடி. இன்னொரு கண்டத்தில் அவரது தோழிகள் ஒரு காற்புள்ளிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மார்ச் மாதத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்தே எனக்குத் தோன்றுகின்றன.

நியூயார்க்கில் வெடோ செய்தது இதுதான். தினமும் பெண்கள் கூட்டம். யார் வேண்டுமானாலும் வரலாம், அரசுப் பிரதிநிதிகளும் வரலாம். அன்றைய வரைவை வைத்துக்கொண்டு, எந்த வரி, எந்தச் சொல், எதை நீக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதுவார்கள். அரசு சாரா அமைப்புகளுக்கு வாக்கும் இல்லை, வரைவு எழுதும் உரிமையும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பிரதிநிதி அதே சொற்களைத் தம் சொற்களாக முன்வைத்துவிட்டால் போதும். ஆகவே நகலெடுத்த தாள்களோடு தாழ்வாரத்தில் பிரதிநிதிகளைப் பிடிப்பார்கள். பெண்களுக்கு ஆதரவு தாருங்கள் என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. இந்தப் பத்தியில் இந்தச் சொல்லுக்குப் பின் இந்த ஐந்து சொற்களைச் சேருங்கள் என்று கேட்டால், பிரதிநிதி ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் அரசாணை வாசித்துப் பழகியவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. செய்ய வேண்டும் என்பதற்கும் செய்யலாம் என்பதற்கும் இடையில் ஒரு தலைமுறையே காத்துக்கிடக்கும். பரிசீலிக்கலாம் என்று வந்தால் கோப்பை மூடிவிடலாம்.

ரியோவில் ஜூன் 3 முதல் 14 வரை மாநாடு நடந்தபோது 24-ஆவது அத்தியாயம் ஆவணத்தில் இருந்தது. ரியோ பிரகடனத்தின் 20-ஆவது கோட்பாட்டிலும் பெண்களின் பங்கு இடம்பெற்றது. பல கிலோமீட்டர் தள்ளி, ஃபிளமெங்கோ பூங்காவில் பெண்களின் கூடாரம் தனியாக நிமிர்ந்து நின்றது. பெண் கோள் என்று அதற்குப் போர்த்துகீசில் பெயர் வைத்திருந்தார்கள். அடிபட்டு எழுந்த மாத்தாய் ரியோவுக்கு வந்து பேசினார்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

அத்தியாயத்தை நிதானமாக வாசித்தால் அது நல்ல உரை. முடிவெடுக்கும் இடங்களிலும் தொழில்நுட்ப ஆலோசனையிலும் பெண்களின் விகிதம் உயர வேண்டும், நிலமும் கடனும் கிடைக்க வேண்டும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை நாடுகள் ஏற்க வேண்டும் என்று போகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன வீட்டு வேலைப் பகிர்வும் அங்கேதான். அது விளையாட்டுக்குச் சேர்த்தது அல்ல: விறகுக்கும் தண்ணீருக்கும் பகல் முழுவதும் போய்விடும் பெண்ணிடம் வனக்குழுக் கூட்டத்துக்கு வா என்று சொல்வதில் பொருளில்லை. நேரம் கிடைத்தால்தான் பங்கேற்பு.

ஆனால் குழந்தைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தீர்மானிக்கும் உரிமை வரும் இடத்தைப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்கிறது. அவசரமாகச் செய்ய வேண்டியது என்கிறது. உடனேயே, அந்தந்த நாட்டின் சூழலுக்கேற்ப என்றும் சொல்லிவிடுகிறது. அடைப்புக்குறி போனதற்குக் கொடுத்த விலை அந்த வால். மக்கள்தொகை, குடும்பக் கட்டுப்பாடு தொடர்பான சொற்களைத் தணிப்பதில் வத்திக்கான் முனைப்பாக இருந்தது. இராணுவத்துக்கென்று அஜெண்டா 21-இல் தனி அத்தியாயமே இல்லை. மயாமியில் மையத்தில் இருந்தது ரியோவில் விளிம்புக்குப் போய்விட்டது.

பிறகு பணம். அஜெண்டா 21-இன் ஒவ்வொரு பகுதிக்கும் மாநாட்டுச் செயலகம் ஒரு மதிப்பீடு போட்டது. வளரும் நாடுகளில் முழு ஆவணத்தையும் நடைமுறைப்படுத்த ஆண்டுக்கு 60,000 கோடி டாலருக்கு மேல். அதில் வெளியிலிருந்து மானியமாகவோ சலுகையாகவோ வர வேண்டியது சுமார் 12,500 கோடி டாலர். 24-ஆவது அத்தியாயத்துக்கு அப்படி வர வேண்டியது ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர். ஆயிரம் ரூபாயில் 32 காசு. இது தோராய மதிப்பீடு என்று ஆவணமே சொல்கிறது. மற்ற அத்தியாயங்களின் பணத்திலும் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று வாதிடலாம். வாதிட்டும் அந்த 32 காசு உறுத்துகிறது.

தனி அத்தியாயம் வாங்கியதே சரிதானா என்பது இன்னும் தீராத கேள்வி. 24 முதல் 32 வரையிலான அத்தியாயங்கள் முக்கியக் குழுக்களைப் பற்றியவை: பெண்கள், இளையோர், பழங்குடிகள், அரசு சாரா அமைப்புகள், உள்ளாட்சிகள், தொழிலாளர்கள், வணிகத்துறை, அறிவியலாளர்கள், விவசாயிகள். மனிதகுலத்தின் பாதி, ஒன்பதில் ஒன்றாக, வணிகத்துறைக்குச் சமமான ஒரு வரிசையில். விவசாயி என்ற இன்னொரு வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் பெண்கள்தானே? தனி அறை கொடுத்துவிட்டால் கூடத்தில் இடம் கேட்கமாட்டார்கள் என்ற சௌகரியமும் அதில் இருக்கிறது. அப்சக் இரண்டையும் கேட்டார், தனி அத்தியாயமும் வேண்டும், எல்லா அத்தியாயங்களிலும் பெயரும் வேண்டும் என்று. என் கணிப்பில் அது பேராசை அல்ல. தனி அத்தியாயம் இருந்ததால்தான், அடுத்த கூட்டங்களில் பெண்கள் குழு எங்களுக்கு இருக்கை எங்கே என்று அதிகாரப்பூர்வமாகக் கேட்க முடிந்தது.

அக்காலத்தில் யூதப் பெண்களிடையே சுற்றுச்சூழலுக்கு இன்னொரு வழியும் இருந்தது. எல்லன் பெர்ன்ஸ்டீன் 1988-இல் பிலடெல்பியாவில் ஷோம்ரே அதமா என்ற அமைப்பைத் தொடங்கினார். மண்ணின் காவலர்கள் என்று பொருள். மரங்களின் புத்தாண்டான தூ பிஷ்வாத்தை மையமாக வைத்து, வேதநூல்களுக்குள்ளேயே இயற்கை நெறியைத் தேடினார். அப்சக்கிடம் அந்தத் தேடல் இல்லை. அவர் வேதத்தைத் திறக்கவில்லை. தீர்மான வரைவைத் திறந்தார். யூதப் பெண்களும் சுற்றுச்சூழலும் என்ற தலைப்பில் ஒரே ஒரு யூதத்தன்மையைத் தேடுகிறவர்கள் இந்த இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது.

பிறகு

1994-இல் கெய்ரோ மக்கள்தொகை மாநாடு, 1995-இல் பெய்ஜிங் பெண்கள் மாநாடு. இரண்டிலும் அதே தினசரிக் கூட்டம், அதே வரிவரித் திருத்தம். இடையில் அப்சக்குக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அவர் அதையும் வழக்காக்கினார். புற்றுநோய்க்கும் சூழலில் உள்ள வேதிப்பொருள்களுக்கும் தொடர்பு உண்டா என்று பொது விசாரணைகள் நடத்த வெடோ முனைந்தது. 1997-இல் கனடாவின் கிங்ஸ்டனில் மார்பகப் புற்றுநோய்க்கான முதல் உலக மாநாட்டை நடத்துவதில் பங்கேற்றது. இங்கே அறிவியல் அவருக்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. லாங் ஐலண்ட் பெண்களின் வற்புறுத்தலால் அமெரிக்க நாடாளுமன்றம் ஆணையிட்ட பெரிய ஆய்வு, 2002-இல் வெளியானபோது, டிடிடி, பிசிபி போன்ற பொருள்களுக்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. ஸ்ட்ரான்சியத்தைப் போலப் பல்லில் அளந்து காட்டக்கூடிய எளிய வழக்காக இது அமையவில்லை.

1997 ஜூனில், ரியோ முடிந்த ஐந்தாம் ஆண்டில், ஐ.நா. பொதுச்சபை கணக்குப் பார்த்தது. பணக்கார நாடுகளின் உதவி, அவற்றின் மொத்தத் தேசிய உற்பத்தியில் 1992-இல் 0.34 சதவீதமாக இருந்தது, 1995-இல் 0.27 சதவீதமாக இறங்கியிருந்தது. ரியோவில் மீண்டும் உறுதி செய்த இலக்கோ 0.7 சதவீதம். வாசகம் இருந்தது, பணம் ஏறவில்லை, இறங்கியது.

அப்சக் 1998 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் இறந்தார். கெல்பர் 2004-இல்.

2012 ஜூனில் நாடுகள் மறுபடி ரியோவில் கூடின. வெடோவும் பெண்கள் முக்கியக் குழுவும் அங்கே இருந்தன. இம்முறை சண்டை, இனப்பெருக்க உரிமைகள் என்ற ஒரு தொடரைக் காப்பதற்காக. கெய்ரோவிலும் பெய்ஜிங்கிலும் உலக நாடுகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொடர்தான் அது. வத்திக்கானும் சில நாடுகளும் எதிர்த்தன. இறுதி வாசகத்தை வாசித்தபோது அந்தத் தொடர் அதில் இல்லை.